அடுப்பில் வெந்த ஸ்பிரிங்குகள்

பக்கத்துப் பட்டறைக்காரரை நான் ‘அண்ணே’ என்று கூப்பிடுவதை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நிறுத்தியது அவருக்குத் தெரியும். தெரியட்டும் என்றுதான் நிறுத்தினேன்.

என்னுடையது பேக்கரி. அவருடையது இரும்புச் சாமான்களில் துரு எடுக்கும் ஆசிட் பட்டறை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரின் உச்சியில், காற்றோட்டத்துக்கு என்று கட்டட உரிமையாளர் விட்டுவைத்த ஒரு சாண் சந்து. காற்று ஓடியதோ இல்லையோ, பட்டறைத் தொட்டியிலிருந்து கிளம்புகிற ஆசிட் புகை தவறாமல் ஓடி வந்தது. வந்து என் ரொட்டித் தட்டுகள் மேல் உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை தேய்த்து அடுக்கிய இரும்புத் தட்டு வியாழக்கிழமை செம்மண் பூசினாற்போல இருக்கும். தராசு துருப்பிடித்தது, ஷட்டர் துருப்பிடித்தது, கல்லாப்பெட்டியின் பூட்டு சாவியை உள்ளே வாங்கிக்கொண்டு திருப்பித் தர மறுத்தது. கடைசியில் ஒருநாள் என் கொண்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினேன். அதிலும் துரு. தட்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், தலைமேலேயே வந்தால் எப்படிப் பொறுப்பது?

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தோம். அவர் பட்டறை போட்ட புதிதில், “அப்படி உள்ள என்னதான் செய்றீங்க அண்ணே?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என்னிடம் மூன்று டீ கிளாஸ் கேட்டார். வாங்கிப்போய் பட்டறை மேசையில் வரிசையாக வைத்து, மூன்றிலும் தண்ணீர் கலந்த ஆசிட்டை அரை கிளாஸ் ஊற்றினார். முதல் கிளாஸில் ஒரு துத்தநாகத் துண்டைப் போட்டார். விழுந்த நொடியிலேயே சோடா பாட்டிலைத் திறந்ததுபோலப் பொங்கியது. இரண்டாவதில் ஓர் இரும்பு ஆணி. அது யோசித்து யோசித்து ஒவ்வொரு குமிழியாக விட்டது. மூன்றாவதில் செம்புக் கம்பி. அது போட்டது போட்டபடி கிடந்தது.

“துத்தநாகத்தையும் இரும்பையும் இந்த ஆசிட் கரைக்கும். கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அதுதான் இந்தக் குமிழி. செம்ப இது ஒண்ணும் பண்ண முடியாது,” என்றார். பிறகு என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மாப்ள செம்பு. நீ கோவிச்சுக்காதே தங்கச்சி, நீ துத்தநாகம்.”

நான் சிரித்தேன். என் கணவர் என்னைவிட அதிகமாகவே சிரித்தார். அன்றிலிருந்து நான் குரலை உயர்த்தினால் வீட்டில், “பொங்கிருச்சு,” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்ப்பார். அந்த மூன்று கிளாஸ்களை நான் திரும்ப வாங்கவில்லை.

கொண்டை ஊசி சமாசாரத்துக்குப் பிறகு உரிமையாளரிடம் போய் நின்றேன். அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினார். தொட்டிகளுக்கு மூடியும், புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் குழாயும் இந்த மாதக் கடைசிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையைக் காலி செய்ய வேண்டும், அந்த இடம் எனக்கு. இதுதான் தீர்ப்பு. மூடியும் குழாயும் போடுகிற நிலைமையில் பட்டறைக்காரர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் நின்று டேப் பிடித்து அளந்துகொண்டேன். இரண்டாவது அடுப்பு அங்கே கச்சிதமாக உட்காரும். எனக்கு அது இருபது வருஷத்து ஆசை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த நேரத்தில்தான் அவருக்கு லிஃப்ட் கம்பெனி வேலை வந்தது. அவர்கள் கிடங்கில் மழைத்தண்ணீர் ஒழுகி, பெட்டி பெட்டியாக ஸ்பிரிங்குகள் துருவேறிவிட்டன. மாதிரிக்கு இருநூறு கொடுத்தார்கள். பலம் குறையாமல் துருவை மட்டும் எடுத்துக் காட்டினால் வருஷம் முழுக்க அவர்கள் வேலை இவருக்குத்தான். அது கிடைத்தால் மூடியும் வரும், குழாயும் வரும், பட்டறையும் நிற்கும். கிடைக்காவிட்டால் என் அடுப்பு வரும்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அவர் என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் இன்னும் ரப்பர் உறை. முகம் மாவைவிட வெளுத்திருந்தது.

“வாட்டற பெட்டியோட ஹீட்டர் காயில் எரிஞ்சுபோச்சுங்க,” என்றார். நான் அண்ணே என்பதை நிறுத்திய நாளிலிருந்து அவரும் எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

“எரிஞ்சா மாத்துங்க.”

“மாத்த நாளைக்கு ஆகும். ஸ்பிரிங் எல்லாம் ஆசிட்ல இருந்து எடுத்தாச்சு. துரு சுத்தமா போயிருச்சு. ஆனா குமிழி விடுற வாயு இருக்கே, அது மொத்தமும் மேல வந்துடாது. கொஞ்சம் ஸ்டீலுக்குள்ளயே பூந்துக்கும். சாதாரண ஆணின்னா பரவாயில்ல. ஸ்பிரிங் விறைப்பான ஸ்டீல். உள்ள வாயு இருந்தா பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். பாரத்தக் கட்டித் தொங்கவிட்டா சில மணி நேரத்துல படக்குன்னு ஒடிஞ்சிடும்.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“உடனே இருநூறு டிகிரில நாலு மணி நேரம் வாட்டினா வாயு வெளிய போயிடும். உங்க அடுப்பு...” என்று இழுத்தார்.

என் கணவர் அப்போது டெலிவரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. செம்பு அல்லவா. ஆனால் போகிற போக்கில் அடுப்புக்குள் இருந்த கடைசி ரொட்டித் தட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கதவை முட்டியால் தள்ளி மூடிவிட்டுப் போனார். எங்கள் அடுப்புக் கதவை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் எப்போதோ போய்விட்டது. மூடுவதற்கு முட்டி, மூடியது திறக்காமல் இருக்க ஒரு பூரிக்கட்டை முட்டு.

நான் நிபந்தனை போட்டேன். ஸ்பிரிங் அத்தனையையும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் மூன்று தடவை கழுவ வேண்டும். நல்ல தட்டு ஒன்றும் தர மாட்டேன்; அவருடைய புகை அரித்து நான் ஒதுக்கிப்போட்ட நாலு தட்டுகள் இருக்கின்றன, அதில்தான் அடுக்குவேன். பிறகு முக்கியமாக, அவர் என் கடைக்குள் நிற்கக் கூடாது.

“உங்க சட்டைல இருக்கற வாடை என் பன்னுல ஏறினா யாரு வாங்குவா? நான் பாத்துக்கறேன். நீங்க போங்க.”

“நாலு மணி நேரம். நடுவுல கதவத் திறக்காதீங்க,” என்றார் வாசலில் நின்று.

“அடுப்பு வேலைய எனக்குச் சொல்லித் தராதீங்க,” என்றேன்.

தட்டுக்கு ஐம்பது என்று நான்கு தட்டுகளில் அடுக்கினேன். அடுக்கும்போது ஒன்றை ஒன்று இடிக்காமல், பிஸ்கட்டுக்கு விடுகிற இடைவெளி விட்டுத்தான் அடுக்கினேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. கடிகாரத்தைப் பார்த்து மணியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன்.

முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்கு, உள்ளே ஒன்று வெந்துகொண்டிருக்கும்போது எட்டிப் பார்க்காமல் இருப்பது தும்மலை அடக்குகிற மாதிரி. பூரிக்கட்டையை எடுத்தேன். கதவைத் திறந்தேன். மேல்தட்டு ஸ்பிரிங்குகள் எல்லாம் லேசாகப் பொன்னிறம் கட்டியிருந்தன.

பொன்னிறம் வந்தால் என் கை என்னைக் கேட்காது. நான் யோசித்து முடிப்பதற்குள் துணியைச் சுற்றிய கை உள்ளே போய் மேல்தட்டை உருவி வெளியே வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் நாலு மணி நேரம் ஞாபகம் வந்தது. திரும்ப உள்ளே தள்ளியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு திமிர். நிறம் வந்தால் வெந்தது என்று அர்த்தம். இந்த ஆசிட்காரருக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும்? நாலு மணி நேரம் வைத்தால் எதுவும் கரிக்கட்டைதான். மேல்தட்டுக்கு எப்போதுமே சூடு அதிகம், அது முதலில் வெந்துவிட்டது, அவ்வளவுதான். மீதி மூன்று தட்டுகள் இன்னும் வெளுப்பாக இருந்ததால் அவற்றை விட்டுவைத்தேன். அப்புறம் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கதவைத் திறக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த மூன்றும் நாலு மணி நேரமும் உள்ளேயே இருந்தன.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிக் கொடுத்தேன்.

“நாலு மணி நேரம் ஆச்சுங்களா?” என்று கேட்டார்.

“ஆச்சு,” என்றேன். கடிகாரப்படி அது உண்மைதான்.

அவர் அப்படியே எண்ணெயில் முக்கி எடுத்தார். நிறத்தையெல்லாம் அவர் பார்க்கிற ஆள் இல்லை, அவருக்கு நேரக் கணக்குதான். சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். சிரிப்பதற்குச் சம்பளம் இல்லை என்பதுபோல முகம். பெட்டிக்குள் கையை விட்டு, பார்க்காமல் பத்து ஸ்பிரிங்குகளை எடுத்து, பட்டறைச் சுவரில் ஒரு கம்பியில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டார். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பன் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் பட்டறைப் பக்கமிருந்து வந்தார்.

“மூணு ஒடிஞ்சு கீழ கிடக்கு. அந்தம்மா வந்து பேப்பர்ல எழுதிட்டிருக்காங்க. பாவம், மச்சான் ஸ்டூல்ல உக்காந்துட்டார்.”

அந்த நொடியில் என் மனசில் முதலில் வந்தது என்ன என்று சொல்கிறேன். இரண்டாவது அடுப்பு வந்தது. பட்டறையின் அந்த மூலையில், நான் அளந்த அளவுக்குச் சரியாக, கதவு பளபளக்க வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்த நொடியில் கணக்கு உறைத்தது. மூன்று என்றாரே, பத்தில் மூன்று. நாலில் ஒரு தட்டு.

பன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பட்டறைக்குப் போனேன். கம்பியில் ஏழு தொங்கிக்கொண்டிருந்தன. ஏழும் தேன் நிறம், கொஞ்சம் கூடவே அடுப்பில் விட்ட பிஸ்கட் நிறம். தரையில் கிடந்த மூன்றும் வெளிர்ப் பொன். அவற்றை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். என் கையால் எடுத்தவை.

பட்டறைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் ரப்பர் உறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். என் மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

“ஆசிட்ல ஊறின ஸ்பிரிங்க நம்ப முடியாதுன்னு எங்க ஆளுங்க முன்னயே சொன்னாங்க,” என்றார் அந்த அம்மா எழுதிக்கொண்டே.

“நிறுத்துங்க,” என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. என் பின்னால் என் கணவர், “பொங்கிருச்சு,” என்று முணுமுணுத்தது கேட்டது. “அவர் வேலைல தப்பில்ல. தப்பு என்னோடது. நாலு மணி நேரம்னு அவர் சொன்னார். மேல்தட்ட நான் முக்கால் மணில எடுத்துட்டேன். நிறம் வந்துச்சு, எடுத்துட்டேன். அப்புறம் அவர் கேட்டப்பவும் சொல்லல. ஒடிஞ்சது மூணும் அந்தத் தட்டுதான்.”

பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். “அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“நிறத்தப் பாருங்க.”

பார்த்தார். கீழே கிடந்ததையும் மேலே தொங்கியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு.”

“உங்களுக்கு இருக்கும். எனக்கு இது சோறு போடுற கண்ணு,” என்றேன். “பெட்டியக் குடுங்க, பிரிச்சுக் காட்றேன். தட்டுக்கு அம்பது வெச்சேன். மூணு ஒடிஞ்சிருக்கு. பெட்டில வெளுப்பு நாப்பத்தேழு இருக்கணும். கூடக் குறைய இருந்தா நான் சொன்னது பொய்னு எழுதிக்கோங்க.”

பெட்டியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். இடது பக்கம் வெளுப்பு, வலது பக்கம் தேன். கருகின ரஸ்க்கை ஒதுக்குகிற வேகத்தில் கை ஓடியது. எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. கடைசி ஸ்பிரிங் வலது பக்கம் விழுந்ததும் அந்த அம்மா குனிந்து இடது குவியலை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

“நாப்பத்தாறு,” என்றார்.

வலது குவியலை மறுபடி கலைத்துப் பார்த்தேன். தேன், தேன், எல்லாம் தேன். பெட்டிக்கு அடியில் தடவினேன். என் கணவர் தரையில் படுத்துத் தொட்டிக்குக் கீழே எட்டிப் பார்த்தார். பட்டறைக்காரர் தன் சட்டைப்பையையெல்லாம் உதறினார். இருபத்திரண்டு வருஷத்துக் கண் ஒன்றே ஒன்றில் கோட்டை விட்டதா?

“மொத்தமா எண்ணுங்களேன்,” என்றார் என் கணவர், தரையில் படுத்தபடியே. “தொங்கறது ஏழு, ஒடிஞ்சது மூணு. பெட்டில நூத்தித்தொண்ணூறு இருக்கணுமே.”

எண்ணினோம். நூற்று எண்பத்தொன்பது இருந்தது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் விட்டார். பிறகு மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்தார். “ஆபீஸ்ல காட்டலாம்னு நேத்து ஒண்ணு எடுத்து வெச்சேன்,” என்று சொல்லி ஒரு ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். காகிதத்தில் சுற்றியிருந்தது. பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டு வந்தது.

வெளிர்ப் பொன்.

“இது ஒடியும்,” என்றேன்.

“பாத்துடலாம்,” என்றார். அதை எட்டாவதாகக் கம்பியில் மாட்டி, எட்டுக்கும் ஆளுக்கு இன்னொரு குண்டு சேர்த்துத் தொங்கவிட்டார். பிறகு வேறு வேலை இல்லாததால் நாலு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். பன் தட்டை நீட்டினேன். அந்த அம்மா முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஒன்று எடுத்தார். பிறகு அரை எடுப்பதாகச் சொல்லி முழுசாக எடுத்தார். மூன்றாவது பன்னைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போது சுவரில் ‘டக்’ என்று ஒரு சத்தம். குண்டு தரையில் விழுந்து உருண்டு என் கணவர் காலடியில் போய் நின்றது. மற்ற ஏழும் அசையவில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சாமான் உடைந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான்.

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுதியிருந்த பேப்பரைக் கிழித்தார். “வாட்டினது நிக்குது, வாட்டாதது விழுது. இத நாங்களே பரிசோதனை வெச்சிருந்தாக்கூட இவ்வளவு தெளிவா வந்திருக்காது,” என்றார். பிறகு பட்டறைக்காரரிடம் திரும்பினார். “வேலை உங்களுக்குத்தான். இந்த நாப்பத்தாறையும் கணக்குல விட்டுடறோம், உடைச்சுப் பாக்க எங்களுக்கே வேணும். ஆனா ஒண்ணு. இனிமே எங்க சரக்கு அடுப்புல இருக்கும்போது நீங்க பக்கத்துலயே நிக்கணும்.” என்னைக் காட்டி, “இவங்க தூரத்துல நிக்கணும்,” என்றார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பன் வாயில் இருந்தது.

மாதக் கடைசிக்குள் தொட்டிகளுக்கு மூடி வந்தது. புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. சுவர் உச்சியில் இருந்த சந்தை அவரே செங்கல் வைத்து அடைத்தார். என் இரண்டாவது அடுப்பு அளவெழுதிய சீட்டாகவே மேசை இழுப்பறைக்குள் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது, ஒரு வாரம்.

ஒரு காலையில் அவர் ஸ்க்ரூட்ரைவரோடு கடைக்கு வந்தார். சட்டை சலவையில் இருந்து எடுத்தது. ஒன்றும் கேட்காமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்து கதவின் பக்கவாட்டில் எதையோ மாட்டினார். ஒரு ஸ்பிரிங். தேன் நிறம்.

“இதுக்கு மேல பூரிக்கட்டை வேண்டாம்,” என்றார்.

“நாலு மணி நேரம் வெந்ததா?”

“நாலேகால்.”

கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே எட்டிப் பார்க்கக்கூட விடாமல் கையிலிருந்து இழுத்துக்கொண்டுபோய்ப் படாரென்று மூடிக்கொண்டது. இன்னொரு தடவை திறந்தேன். மறுபடியும் அதே.

“என்ன அண்ணே, உள்ள பாக்கவே விட மாட்டேங்குது?”

ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்த என் கணவரின் கத்தி பாதி ரொட்டியில் நின்றது. பட்டறைக்காரர் ஸ்க்ரூட்ரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“உனக்குன்னே கொஞ்சம் விறைப்பா பாத்து எடுத்தேன் தங்கச்சி,” என்றார்.

“சரி சரி. பின்னால பதினோரு மாசத்துத் தட்டு கிடக்கு. போறப்ப எடுத்துட்டுப் போய் துரு எடுத்துக் குடுங்க,” என்றேன். நாலு நடையில் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போனார்.